623526: ஒரு பெரிய எண்ணை அக்குவேறு ஆணிவேறாகப் பிரிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

தங்கச்சிமடத்தில் சாயங்கால நேரத்தில் எட்டாவது, ஒன்பதாவது பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுக்கிறேன். வருடத்துக்கு ஒரு முறையாவது பலகையில் 623526 என்று எழுதிவிட்டு, “இதைப் பற்றி என்னென்ன சொல்ல முடியும்?” என்று கேட்பேன். முதலில் வரும் பதில் எப்போதும் ஒன்றுதான்: “ராமேஸ்வரம் பின்கோடு, சார்.” சரிதான். அதற்கு மேல் என்ன இருக்கிறது என்று தோண்டப் போனால் பாதிப் பேர் பாதி வழியில் சிக்கிக்கொள்கிறார்கள். கணக்கு தெரியாமல் சிக்குவதில்லை. எதை முதலில் செய்வது, எங்கே நிறுத்துவது என்ற வரிசை தெரியாமல்தான் சிக்குகிறார்கள். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். எந்த ஆறு இலக்க எண்ணுக்கும் இதே வழி பொருந்தும்.

0. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

கட்டம் போட்ட நோட்டு, பேனா. பென்சில் வேண்டாம். தப்பை அழித்துவிட்டால் எங்கே தப்பினோம் என்று திரும்பிப் பார்க்க வழியில்லாமல் போய்விடும்.

79 வரையிலான பகா எண் பட்டியல்: 2, 3, 5, 7, 11, 13, 17, 19, 23, 29, 31, 37, 41, 43, 47, 53, 59, 61, 67, 71, 73, 79. இதை நீங்களே எழுதுங்கள், எழுதியபின் எண்ணிப் பாருங்கள். 73 வரை 21 வர வேண்டும். மன்னார் வளைகுடாத் தீவுகளும் 21 என்று சொல்லி ஞாபகம் வைக்கச் சொல்வேன். (“அதுல ரெண்டு முழுகிப் போச்சே சார்” என்று யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். முழுகினாலும் கணக்கில் உண்டு.) 73-க்குள்ளேயே 22 அல்லது 23 வந்தால் 51-ஐயும் 57-ஐயும் பாருங்கள். பகா எண் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு உள்ளே நுழைவது இந்த இரண்டும்தான்: 51 = 3 × 17, 57 = 3 × 19.

செல்போன் கால்குலேட்டர் பையிலேயே இருக்கட்டும். 623526-ஐ 7-ஆல் வகுத்தால் அது 89075.142857 என்று காட்டும். நமக்கு வேண்டியது மீதி. அந்தப் புள்ளிக்குப் பின்னால் இருப்பதைப் பார்த்து மீதி 1 என்று உடனே சொல்லும் பிள்ளையை நான் இன்னும் பார்க்கவில்லை.

1. எண்ணை எழுதி, வாய்விட்டுப் படியுங்கள்

6,23,526. ஆறு லட்சத்து இருபத்து மூன்றாயிரத்து ஐந்நூற்று இருபத்தாறு. பலகையைப் பார்த்துப் படியுங்கள், பிறகு நோட்டைப் பார்த்துப் படியுங்கள். இரண்டும் ஒன்றா?

இது சின்னப்பிள்ளை வேலை என்று தோன்றும். ஒரு பையன் 623525 என்று எழுதிக்கொண்டு அரை மணி நேரம் உழைத்தான். அவனுக்கு 5 × 5 × 7 × 7 × 509 என்று வந்தது. “சார், என் எண் ரொம்ப அழகா வந்திருக்கு” என்று கொண்டுவந்து காட்டினான். அழகாகத்தான் இருந்தது, கணக்கும் சரி. எண்தான் வேறு. ஒன்று குறைந்தால் காரணிகளும் கிட்டத்தட்ட அதே மாதிரி இருக்கும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு 1-ஐத் தவிர பொதுக் காரணியே கிடையாது.

2. வகுக்காமலே தெரிவதை முதலில் எடுங்கள்

கடைசி இலக்கம் 6, எனவே 2-ஆல் வகுபடும். கடைசி இரண்டு இலக்கம் 26 என்பது 4-ஆல் வகுபடாது, ஆகவே 2 ஒரே ஒரு முறைதான் உள்ளே இருக்கிறது. இலக்கங்களின் கூடுதல் 6+2+3+5+2+6 = 24. இது 3-ஆல் வகுபடும், 9-ஆல் வகுபடாது. எனவே 3-ம் ஒரே முறைதான். கடைசி இலக்கம் 0 அல்லது 5 இல்லை, 5 கிடையாது.

“4-ஆல் வகுபடாது”, “9-ஆல் வகுபடாது” என்ற இரண்டு ‘இல்லை’களையும் ஓரத்தில் எழுதி வையுங்கள். 7-ஆம் பகுதியில் இரண்டும் பெரிய வேலை செய்யப்போகின்றன.

இப்போது வகுக்கலாம்: 623526 ÷ 6 = 103921.

இந்த இடத்தில் வரும் தப்பு: 2 ஒருமுறை போனவுடன் அடுத்த எண்ணுக்குத் தாவுவது. நம் எண்ணில் அது கெடுதல் செய்யாது, வேறு எண்ணில் செய்யும். ராமேஸ்வரம் கோயில் மூன்றாம் பிராகாரத்துத் தூண்கள் 1212 என்பார்கள். அதை 2 × 3 × 202 என்று எழுதிவிட்டு எழுந்து போனவர்கள் உண்டு. 202-க்குள் இன்னொரு 2 இருக்கிறது. 2 × 2 × 3 × 101 என்பதுதான் சரி. ஒரு பகா எண் போகாமல் நிற்கும்வரை அதையே திரும்பத் திரும்பப் போட்டுப் பாருங்கள்.

3. சுருங்கிய எண்ணை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்

இனி 623526-ஐ மறந்துவிடுங்கள். கையில் இருப்பது 103921 மட்டும். புதியவர்களில் பாதிப் பேர் 7, 11, 13 என்று ஒவ்வொன்றுக்கும் பழைய ஆறு இலக்க எண்ணிடமே திரும்பப் போகிறார்கள். பதில் தப்பாகாது, ஆனால் வீண் வேலை.

எவ்வளவு வீண் என்று பாருங்கள். ஒரு எண்ணுக்குப் பகாக் காரணி தேட அதன் வர்க்கமூலம் வரை போனால் போதும். 623526-ன் வர்க்கமூலம் 789-க்குக் கொஞ்சம் மேல். அதுவரை 138 பகா எண்கள் இருக்கின்றன. 103921-க்கு 322 வரை போதும், 66 பகா எண்கள். ஒரு 6-ஐ வெளியே எடுத்ததில் வேலை பாதிக்கும் கீழே வந்துவிட்டது.

4. 7, 11, 13 மூன்றுக்கும் ஒரே சோதனை

7 × 11 × 13 = 1001. இந்த ஒரு வரியைத் தெரிந்து வைத்திருந்தால் மூன்று நீள் வகுத்தல் மிச்சம். எண்ணை வலப்பக்கமிருந்து மூன்று மூன்று இலக்கமாக வெட்டுங்கள்: 103 | 921. பெரியதிலிருந்து சிறியதைக் கழியுங்கள்: 921 − 103 = 818. இனி 818-ஐச் சோதித்தால் போதும்.

818 = 7 × 116 + 6
818 = 11 × 74 + 4
818 = 13 × 62 + 12

மூன்றும் வகுபடவில்லை. காரணம் எளிது. 103921 என்பது 103 × 1001 + 818. முதல் துண்டு மூன்றாலும் சுத்தமாகப் போய்விடும், ஆகவே வகுபடுவதும் படாததும் 818-ன் கையில்.

இதே வித்தையை 623526-ல் போட்டால் 623 − 526 = 97. முன்பக்கத் துண்டு பெரியதாக இருப்பதால் மீதியின் குறி மாறும். வகுபடுமா என்று மட்டும் பார்க்கிறவர்களுக்கு அது பொருட்டில்லை. மீதியே வேண்டும் என்றால் −97-ஐ எடுங்கள். 7-ஆல் வகுக்க மீதி 1 கிடைக்கும். இன்றைக்கு வெள்ளிக்கிழமை என்றால் 6,23,526 நாள் கழித்துச் சனிக்கிழமை. 1707 வருடத்துக்கு மேல் ஆகும், யார் போய்ச் சரிபார்ப்பது!

5. நீள் வகுத்தல், எங்கே நிறுத்துவது

அடுத்தது 17. கரைவலை இழுத்த ஆட்களுக்குப் பணம் பிரிப்பதுபோல் நினைத்துக்கொள்ளுங்கள். 6,23,526 ரூபாயை 18 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 34,640 போக 6 ரூபாய் மிஞ்சும். அந்த 6 ரூபாய் டீக்கடைக்குப் போகும். 17 பேர் என்றால் ஆளுக்கு 36,678, ஒரு பைசா மிச்சமில்லை. நம் கையில் உள்ள எண்ணில்: 103921 ÷ 17 = 6113.

இப்போது கையில் 6113. திரும்ப 2-இல் இருந்து ஆரம்பிக்காதீர்கள். 103921-ஐ வகுக்காத 7, அதன் துண்டான 6113-ஐ எப்படி வகுக்கும்? 17-இல் இருந்தே தொடருங்கள், 17-ஐயும் இன்னொரு தடவை போட்டு.

எதுவரை? 78 × 78 = 6084, 79 × 79 = 6241. எனவே 78-ஐத் தாண்ட வேண்டாம். 6113-ஐ இரண்டு எண்களின் பெருக்கலாக எழுத முடியுமானால் அவற்றில் ஒன்றாவது 78 அல்லது அதற்குள் இருந்தாக வேண்டும். இரண்டும் 79 அல்லது அதற்கு மேல் என்றால் பெருக்கற்பலன் 6241-க்குக் குறையாது.

மீதிகளை வரிசையாக எழுதுகிறேன், உங்களுடையதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். 17-க்கு 10, 19-க்கு 14, 23-க்கு 18, 29-க்கு 23, 31-க்கு 6, 37-க்கு 8, 41-க்கு 4, 43-க்கு 7, 47-க்கு 3, 53-க்கு 18, 59-க்கு 36, 61-க்கு 13, 67-க்கு 16, 71-க்கு 7, 73-க்கு 54. ஒன்றுகூடப் பூஜ்யமில்லை. 6113 பகா எண்.

இங்கே இரண்டு விதமாகத் தப்புகிறார்கள். நாலைந்து வகுத்தல் போட்டதும் அலுத்துப்போய் “பகா எண்தான்” என்று முடித்துவிடுகிறவர்கள் ஒரு வகை. 79, 83, 89 என்று போய்க்கொண்டே இருக்கிறவர்கள் இன்னொரு வகை. பின்னவர்களைத் திட்ட எனக்கு மனம் வராது. ஆனால் பரீட்சையில் நேரம் போய்விடும்.

6. மேலே கட்டும் முன் அஸ்திவாரத்தைச் சரிபாருங்கள்

623526 = 2 × 3 × 17 × 6113.

இதைப் பெருக்கிப் பார்ப்பது ஒரு வழி. வேறு இரண்டு சோதனைகளையும் சேர்த்துச் செய்யச் சொல்வேன்.

ஒன்பது சோதனை: இலக்கங்களை ஓரிலக்கமாகும்வரை கூட்டுங்கள். இடப்பக்கம் 24, அதாவது 6. வலப்பக்கம் 2 × 3 × 8 × 2 = 96, அதாவது 15, அதாவது 6. ஒத்துப்போகிறது.

இதோடு நிறுத்தினால் ஓர் ஓட்டை இருக்கிறது. இலக்கங்களை இடம் மாற்றி 623256 என்று எழுதியிருந்தாலும் கூடுதல் 24-தான். ஒன்பது சோதனைக்கு அது தெரியாது. ஆகவே பதினொன்று சோதனை: வலமிருந்து ஒன்று விட்டு ஒன்று கூட்டிக் கழியுங்கள். 6−2+5−3+2−6 = 2. வலப்பக்கம் 6 × 6 × 8 = 288, 11-ஆல் வகுக்க மீதி 2. (17-க்கு மீதி 6, 6113-க்கு மீதி 8.) சரி. 623256-க்கு இதே கணக்கு −4 என்று வரும், குட்டு வெளிப்பட்டுவிடும்.

அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை நுழையாது. இந்தப் படியைத் தாண்டி ஓடியவர்கள் பின்னால் வரும் எல்லாவற்றையும் திரும்பப் போட்டிருக்கிறார்கள்.

7. இப்போது குணங்களைக் கேளுங்கள்

*காரணிகள் எத்தனை?* நான்கு பகா எண்களும் ஒவ்வொரு முறைதான் வருகின்றன. ஒவ்வொன்றையும் எடுக்கலாம், விடலாம்: 2 × 2 × 2 × 2 = 16. சோடி சோடியாக எழுதினால் ஒன்றும் தவறாது. 1, 2, 3, 6, 17, 34, 51, 102 இடப்பக்கம். அவற்றுக்கு நேரே 623526, 311763, 207842, 103921, 36678, 18339, 12226, 6113 வலப்பக்கம்.

*காரணிகளின் கூடுதல்?* ஒவ்வொரு பகா எண்ணோடும் 1 கூட்டிப் பெருக்குங்கள்: 3 × 4 × 18 × 6114 = 13,20,624. இதில் அந்த எண்ணையே கழித்தால் 6,97,098. மற்ற காரணிகள் சேர்ந்து எண்ணையே மிஞ்சிவிட்டன. இப்படிப்பட்டதை மிகை எண் என்பார்கள். 6-இன் எந்தப் பெரிய மடங்கும் மிகை எண்தான், ஏனென்றால் பாதி, மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று மூன்றும் சேர்ந்தாலே முழு எண் வந்துவிடும். மீதிக் காரணிகள் எல்லாம் அதற்கு மேல்.

*623526-ஓடு பொதுக் காரணி இல்லாத, அதைவிடச் சிறிய எண்கள் எத்தனை?* இரட்டைப்படை எல்லாவற்றையும் கழி, 3-இன் மடங்குகளைக் கழி என்று கிளம்பினால் 6, 12, 18 எல்லாம் இரண்டு தடவை கழிந்துவிடும். கழிக்காதீர்கள், பெருக்குங்கள். பாதி 3,11,763. அதில் மூன்றில் இரண்டு 2,07,842. அதில் 17-ல் 16 பங்கு 1,95,616. அதில் 6113-ல் 6112 பங்கு 1,95,584. விடை இதுதான்.

*வர்க்கங்கள்.* எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அந்த இரண்டு ‘இல்லை’களும் இங்கேதான் வேலைக்கு வருகின்றன.

623526 முழு வர்க்கமா? 6-இல் முடிவதைப் பார்த்து “16, 36 மாதிரி இருக்கலாம்” என்பார்கள். 789-ன் வர்க்கம் 622521, 790-ன் வர்க்கம் 624100. இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டது, எனவே இல்லை.

இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுத முடியுமா? வித்தியாசம் என்பது (பெரியது − சிறியது) × (பெரியது + சிறியது). இந்த இரண்டு அடைப்பும் ஒன்றாக ஒற்றைப்படை அல்லது ஒன்றாக இரட்டைப்படை. எனவே பெருக்கற்பலன் ஒற்றைப்படையாக இருக்கும், இல்லாவிட்டால் 4-இன் மடங்காக இருக்கும். நம் எண் இரட்டைப்படை, 4-இன் மடங்கு இல்லை. முடியாது.

இரண்டு வர்க்கங்களின் கூடுதலாக? எந்த வர்க்கத்தையும் 3-ஆல் வகுக்க மீதி 0 அல்லது 1 மட்டுமே வரும். இரண்டு வர்க்கம் சேர்ந்து 3-ஆல் வகுபட வேண்டுமானால் இரண்டுமே 3-இன் மடங்கின் வர்க்கமாக இருக்க வேண்டும். அப்படியானால் கூடுதல் 9-ஆலும் வகுபட்டாக வேண்டும். நம் எண் வகுபடாது, இதுவும் முடியாது. லட்சக்கணக்கான சோடிகளைப் போட்டுப் பார்க்க வேண்டியதை நாலு வரியில் முடித்துவிட்டோம்.

மூன்று வர்க்கங்கள் என்றால் முடியும்: 787² + 59² + 26² = 619369 + 3481 + 676 = 623526. இதைக் கையால் தேட 789-இல் இருந்து ஒவ்வொன்றாக இறங்கி, மிச்சத்தை இரண்டு வர்க்கமாக உடைக்க முடிகிறதா என்று பாருங்கள். 789-லும் 788-லும் உடையாது, 787-ல் உடையும்.

உள்ளே இருக்கும் 6113 தனியாக இரண்டு வர்க்கமாக உடையும். 4-ஆல் வகுக்க மீதி 1 தரும் பகா எண் எதுவானாலும் அப்படி உடையும் என்பது நிறுவப்பட்ட தேற்றம். 78-இல் இருந்து இறங்குங்கள். மிச்சம் 29, 184, 337, 488, 637 என்று வரும், எதுவும் வர்க்கமில்லை. ஆறாவது முயற்சியில் 73: 6113 − 5329 = 784 = 28². ஐந்தாவதோடு கைவிடுகிறவர்கள்தான் அதிகம்.

இன்னும் ஒன்று. 8, 15, 17 செங்கோண முக்கோணத்தை 36678 மடங்கு பெரிதாக்குங்கள். பக்கங்கள் 293424, 550170, கர்ணம் 623526. ராமேஸ்வரம் பின்கோடு கர்ணமாக நிற்கும் முக்கோணம் வேண்டுமென்றால் இதோ ஒன்று. மொத்தம் நான்கு உண்டு.

8. அடுத்தடுத்த எண்களின் கூடுதல்

623526-ஐ அடுத்தடுத்து வரும் எண்களின் கூடுதலாக எத்தனை வழியில் எழுதலாம்? ஒற்றைப்படைக் காரணிகள் எட்டு. ஒவ்வொன்றும் ஒரு வழி தரும். 1 தருவது எண்ணைத் தனியாக வைப்பது, அதை விட்டால் ஏழு வழி. 3 தருவது 207841 + 207842 + 207843. 17 தருவது 36670-இல் இருந்து 36686 வரை. நான்கு எண்களாகவும் வரும்: 155880 + 155881 + 155882 + 155883. “4-ஆல் வகுபடாதே, எப்படி நான்காகப் பிரிந்தது?” என்று கேட்பார்கள். அடுத்தடுத்த நான்கு எண்களைக் கூட்டினால் 4-ஆல் வகுக்க மீதி எப்போதும் 2. வகுபடாததால்தான் பிரிந்தது.

9. இரும எண்

0, 1 இரண்டை மட்டும் வைத்து எழுதுவதுதான் இரும எண். 623526-ஐப் பாதியாக்கிக்கொண்டே போய் மீதிகளை எழுதுங்கள், கீழிருந்து மேலே படியுங்கள்: 10011000001110100110. இருபது இலக்கம், ஒன்பது 1. மேலிருந்து படிப்பதுதான் வழக்கமான தப்பு. முதல் இலக்கம் 0 என்று வந்தால் தலைகீழாகப் படித்திருக்கிறீர்கள்.

10. நீங்களே ஒன்று

மண்டபம் பக்கத்துப் பின்கோடு ஒன்று 623520. நம் எண்ணைவிட ஆறுதான் குறைவு. உள்ளே வேறு ஆள்: 2 ஐந்து முறை, 3 இரண்டு முறை, 5 ஒரு முறை, கடைசியில் 433. (433-க்கு 19 வரை சோதித்தால் போதும். ஏன் என்பது உங்களுக்கு இப்போது தெரியும்.) இங்கே காரணிகளை 2 × 2 × 2 × 2 என்று எண்ணாதீர்கள். 2-ஐ எடுக்காமல் விடலாம், ஒன்று முதல் ஐந்து வரை எடுக்கலாம், ஆக ஆறு வாய்ப்பு. அதே மாதிரி 3-க்கு மூன்று, மற்ற இரண்டுக்கும் இரண்டிரண்டு. 6 × 3 × 2 × 2 = 72.

முழுப் பட்டியலையும் எழுதி எண்ணிப் பாருங்கள். 71 வந்தால் ஒன்று விட்டுப்போயிருக்கிறது, எது என்று தேட முழுவதையும் திரும்ப எழுத வேண்டாம். சோடி இல்லாமல் தனியாக நிற்கும் எண்ணைக் கண்டுபிடித்து, அதால் 623520-ஐ வகுங்கள்.